நாற்பத்தொன்பது ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டும்

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களுக்குள் இன்று ஒரு பெரிய கடைவீதியே நடக்கிறது. குரூப் 4 தேர்வுக்கான ஒருவரிக் குறிப்புகள், பிளவுஸ் கட்டிங் பேட்டர்ன், ஆரி ஒர்க் டிசைன், கல்யாணப் பத்திரிகை டெம்ப்ளேட், போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் ஆல்பம் போடுவதற்கான பிஎஸ்டி, பிளக்ஸ் கடைகளுக்கான பிறந்தநாள் டிசைன், குழந்தைகள் எழுதிப் பழகும் பயிற்சித் தாள் என்று ₹29-க்கும் ₹49-க்கும் ₹99-க்கும் கோப்புகள் கைமாறுகின்றன. எடை இல்லை, கூரியர் இல்லை, சரக்கு தேங்கிவிடுமோ என்ற கவலை இல்லை. ஜிபே-யில் பணம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் சற்று நேரத்தில் பிடிஎஃப் வந்துவிடும். கையில் முதல் இல்லாதவர்களுக்கு, குறிப்பாக வீட்டை விட்டு வெளியே போய் வேலை பார்க்க முடியாத பெண்களுக்கு, தெரிந்த தொழிலைக் காசாக்கும் வழி இதில் திறந்திருக்கிறது. இது தழைக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அதனாலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே கோப்பு விற்கும் பலர் அந்தக் கோப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லும் நிலையில் இல்லை. வாங்கியவருக்கும், வாங்கிய இடத்திலேயே குறை சொல்ல வழி இல்லை. இந்த இரண்டும் சரியாகாவிட்டால், உட்கார்ந்து உழைத்து ஒரு பொருளைச் செய்கிறவர்தான் முதலில் கடையைக் கட்டுவார்.

இந்த வியாபாரம் எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால், ஓட்டை எங்கே விழுந்தது என்பதும் தெரியும். 2016-ல் யுபிஐ வந்தது. 2020 ஜனவரி முதல் யுபிஐ வழியாக வாங்கும் பணத்துக்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்றானது. அதற்கு முன்பு இணையத்தில் ஒன்றை விற்க வேண்டுமானால் பேமென்ட் கேட்வே வேண்டும். அதற்கு ஆவணங்கள் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு கழிவு போகும். ₹49 பொருளுக்கு அந்தப் பாடு கட்டுப்படியாகாது. இன்று ஒரு கியூஆர் படம் போதும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை. முதல் ஆளுக்கு அனுப்பிய கோப்பை ஆயிரமாவது ஆளுக்கு அனுப்பத் தனியாகச் செலவில்லை. விற்பதற்கு இருந்த தடைகள் இப்படி ஒவ்வொன்றாக விலகியபோது, அவற்றோடு ஒட்டியிருந்த காப்பும் சேர்ந்தே போயிற்று. விற்பவர் யார் என்று பேமென்ட் கேட்வேக்குத் தெரியும். புகார் வந்தால் அது பணத்தை நிறுத்திவைக்கும். சந்தையில் கீரை விற்கும் அம்மா அடுத்த வாரமும் அதே இடத்தில்தான் கூடையை இறக்க வேண்டும் என்பதால் அழுகல் கட்டைத் தலையில் கட்டத் தயங்குவார். குழுவில் விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பெயரையும் சிம்மையும் மாற்றிப் புதுக் குழு தொடங்க ஒரு மாலைப் பொழுது போதும்.

பதில் சொல்வது என்று நான் சொல்வதன் பொருள் விளங்க ஒரு பிளவுஸ் பேட்டர்னை எடுத்துக்கொள்வோம். 34 அளவுக்கு வரைந்த பேட்டர்ன் பிடிஎஃப்-ஆக வருகிறது. முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாம் ஏ4 தாள்களில் துண்டு துண்டாக இருக்கும். அச்செடுத்து ஒட்டிச் சேர்த்து, துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். வாங்கியவர் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார். கடைக்காரர் வழக்கம்போல ‘ஃபிட் டு பேஜ்’ கொடுத்து அச்செடுக்கிறார். தாளில் ஓரம் விடுவதற்காகப் பிரின்டர் படத்தைக் கொஞ்சம் சுருக்கிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து சுருங்கினாலே 34 அங்குலம் 32-க்குச் சற்று மேலே வந்து நிற்கும். தோள் பிடிக்கும், கைக்குழி இறுகும், கொக்கி எட்டாது. அதற்குள் துணி வெட்டியாகிவிட்டது. பட்டுப் புடவையோடு சேர்ந்து வந்த பிளவுஸ் துணி என்றால் மாற்றுத் துணிக்கும் வழியில்லை. தானே வரைந்து, தானே தைத்துப் பார்த்து விற்பவருக்கு இந்தச் சிக்கல் தெரியும். அதனால் முதல் தாளின் மூலையில் ஓர் அங்குலக் கட்டம் ஒன்று போட்டு, அச்செடுத்ததும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், அங்குலம் சரியாக இல்லையென்றால் துணியில் கை வைக்காதீர்கள் என்று எழுதியிருப்பார். தையலுக்கு எவ்வளவு விட்டிருக்கிறார், பின்னால் பிரித்துப் பெரிதாக்க எவ்வளவு விட்டிருக்கிறார் என்பதெல்லாம் குறித்திருப்பார். மார்பு 36, ஆனால் தோள் குறுகல் என்று ஒருவர் கேட்டால், எங்கே கூட்டி எங்கே குறைக்க வேண்டும் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுவார். எங்கிருந்தோ இறக்கிய கோப்புகளை ‘500 பேட்டர்ன் வெறும் ₹99’ என்று விற்பவரால் இதில் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்ல முடியாது. அவர் அந்த 500-ஐத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்.

பேட்டர்ன் வரைவது எப்படி என்று யூடியூபில் இலவசமாகவே பார்க்கலாம். அப்படியிருந்தும் ₹49 கொடுத்து வாங்குவதற்குக் காரணம், தானே வரைந்து விற்பவர் தன் குழுவில் மாதக் கணக்கில் காசு வாங்காமல் சொல்லிவந்த பதில்கள். டாட் எங்கே பிடிப்பது, பஃப் கைக்குச் சுருக்கம் எவ்வளவு வைப்பது என்று பத்துப் பேர் கேட்டதற்குப் பொறுமையாகச் சொன்னவரிடம் பதினோராவது ஆள் நம்பிப் பணம் அனுப்புகிறார். கோப்பின் விலைக்குள் அந்தப் பதில்களின் கூலியும் இருக்கிறது. கோப்பைக் காப்பி அடிக்கலாம். அந்தப் பதில்களை அடிக்க முடியாது. குழுவைக் கட்டிய நம்பிக்கை இப்படி வந்தது என்பதை மறந்து, குழுவில் எத்தனை தலை இருக்கிறது என்று மட்டும் எண்ணி விற்க வருகிறவர்கள் அந்த நம்பிக்கையைச் செலவழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து நேர்மையாக விற்க வருகிறவரிடம் ‘இதுவும் அதே மாதிரிதானே’ என்ற கேள்வி காத்திருக்கிறது.

தேர்வுக் குறிப்புகளின் சந்தையில் பதில் சொல்லாததன் விலை இன்னும் அதிகம். 2024-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்குச் சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் படிக்க வேண்டியது பள்ளிப் பாடப்புத்தகம். அந்தப் புத்தகங்களை அரசு தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பழைய வினாத்தாள்களை அரசுப் பணியாளர் தேர்வாணையமே வெளியிட்டிருக்கிறது. அப்படியானால் ₹99-க்கு எதை வாங்குகிறார்கள் என்றால், நேரத்தை. பகலெல்லாம் வேலைக்குப் போய்விட்டு இரவில் இரண்டு மணி நேரம் படிக்கும் ஒருவருக்கு, ஐந்து வகுப்புப் புத்தகங்களில் சிதறிக் கிடப்பதைத் தலைப்பு வாரியாகத் தொகுத்துக் கொடுப்பது உண்மையான உதவிதான். அதற்குக் காசு கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தொகுப்பு எந்த ஆண்டுக்கானது, அதை யார் சரிபார்த்தது என்று கேட்டால் பதில் வேண்டும். பழைய குறிப்புகளில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று இருக்கும். 2020-ல் மயிலாடுதுறை 38-வது மாவட்டமானது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் தாள்கள் உண்டு; 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. முகப்பு அட்டையில் ஆண்டை மட்டும் மாற்றிப் பழைய தாளையே விற்றால், தவறான விடையை உறுதியாகப் படித்துக்கொண்டு ஒருவர் தேர்வறைக்குள் போவார். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். இத்தனை லட்சம் பேர் மோதும் இடத்தில் அதற்குள் தரவரிசை எங்கோ இறங்கிவிடும். அவர் இழப்பது ₹99 மட்டும் என்று யாராவது சொன்னால், அடுத்த அறிவிக்கைக்காக அவர் காத்திருக்கப்போகும் காலத்தை அதில் சேர்க்கவில்லை என்று பொருள்.

இந்தச் சந்தையை அரித்துக்கொண்டிருப்பவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது ‘மறுவிற்பனை உரிமையோடு பண்டில்’ என்ற சரக்கு. ஒரு லட்சம் ரீல்ஸ் வீடியோ, பத்தாயிரம் டெம்ப்ளேட், ஆயிரம் இ-புக் என்று ஒரு டிரைவ் இணைப்பு. விலை ₹99 அல்லது ₹199. அதை வாங்கினால் நீங்களும் அதையே விற்கலாம், வரும் பணம் முழுவதும் உங்களுக்கே என்பதுதான் விளம்பரம். வாங்குபவர் எவருக்கும் உள்ளே இருக்கும் வீடியோ தேவைப்படுவதில்லை. அதை விற்கலாம் என்பதற்காகவே வாங்குகிறார். இதைச் சட்டப்படி பிரமிடு திட்டம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2021-ன் நேரடி விற்பனை விதிகள் தடை செய்யும் பிரமிடு திட்டங்களில், கீழே சேரும் ஆட்களை வைத்து மேலே இருப்பவர் ஆதாயம் பெறுகிறார். இங்கே ஒவ்வொருவரும் தன் விற்பனைப் பணத்தைத் தானே வைத்துக்கொள்கிறார். ஆனால் கணக்கு அதே கணக்குதான். ஒருவர் பத்துப் பேருக்கு விற்று, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு விற்றால், எட்டாவது படியில் 10 கோடி பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7.21 கோடி. நாலாவது, ஐந்தாவது படியில் வாங்கியவருக்கே தன் குழுக்களில் எல்லாரும் அதையே விற்றுக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். முதலில் விற்றவர்களுக்கு லாபம். கடைசியில் வாங்கியவர்களிடம் யாருக்கும் வேண்டாத ஒரு டிரைவ் இணைப்பு. அதற்குள் இருக்கும் வீடியோக்களின் உரிமை யாருடையது என்று கேட்டால் விற்றவருக்கும் தெரியாது, அவருக்கு விற்றவருக்கும் தெரியாது. ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற சொல்லை நம்பி முதன்முதலாகக் கை நீட்டும் பெண்கள் இதில் விழும்போது, அவர்கள் தங்கள் சொந்தத் திறமையை விற்றுப் பார்க்கும் துணிவையும் சேர்த்து இழக்கிறார்கள்.

நாவல் பிடிஎஃப்களிலும் இதே கதை. கல்கி 1954-ல் மறைந்தார். நம் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள்தான் உரிமை நீடிக்கும் என்பதால் 2014-க்குப் பிறகு அவர் எழுத்துகளுக்கு அந்தக் காப்பு இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ மின்னூலகங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ₹20-க்கு விற்பது குற்றம் ஆகாது. ஆனால் அதே பண்டிலில், இன்று எழுதிக்கொண்டிருக்கும் பெண் நாவலாசிரியர்களின் நூல்களும் ஸ்கேன் செய்து அடைக்கப்பட்டிருக்கின்றன. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு இதற்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. கூச்சமில்லாமல் இது நடப்பதற்குக் காரணம், விற்பவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாது என்ற தைரியம். அந்தத் தைரியத்துக்கும் எல்லை உண்டு என்று 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் காட்டியது. போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியரான நீது சிங், தன் பாடக் குறிப்புகளும் வீடியோக்களும் டெலிகிராம் சேனல்களில் திருட்டுத்தனமாகப் பரவுவதை எதிர்த்து வழக்குப் போட்டார். சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுச் சட்டப்படி விவரம் தர இயலாது என்று டெலிகிராம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்காமல், சேனல்களை நடத்துவோரின் விவரங்களைத் தரச் சொன்னது. பின்னர் நிறுவனம் அவற்றை ஒப்படைத்தது. அந்த வழக்கில் திருட்டுக் கொடுத்தவர், குறைந்த விலையில் குறிப்பு விற்கும் எந்த ஆசிரியராகவும் இருக்கலாம். ஆனால் டெல்லி வரை வழக்கு நடத்தும் வசதி நம் ஊரில் ₹49-க்குக் குறிப்பு போடும் ஒருவருக்கு இருக்காது. அவருக்கு இருக்கும் ஒரே அரண், குழுவில் அவரை அறிந்தவர்கள்.

ஆகவே குழு எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உறுப்பினர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் குழுவில், வாங்கிய ஒருவர் ‘ஏழாவது பக்கத்தில் விடை தப்பு’ என்று போட்டால் மற்றவர்களுக்கும் அது தெரியும். விற்பவர் திருத்திய பிடிஎஃப்-ஐ அனுப்ப வேண்டியிருக்கும். பல இடங்களில் நடப்பது வேறு. ‘அட்மின் மட்டும்’ என்று பூட்டிவைத்த குழுவில் விற்பவரின் குரல் மட்டுமே கேட்கிறது. வாங்கியவர்கள் பல நூறு பேர் இருந்தாலும், ஒருவருக்கு ஏற்பட்டது இன்னொருவருக்குத் தெரியாது. தனிச் செய்தியில் குறை சொன்னால் பிளாக். பேசக்கூடிய குழுவாக இருந்தால் செய்தியை அழித்து, சொன்னவரை நீக்கிவிடுகிறார்கள். அந்த வெற்றிடத்தை நிரப்புவது, பணம் வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் ‘இன்று இரவு 12 மணி வரை மட்டும் ₹99, நாளை ₹999’ என்ற அறிவிப்பும். நாளைக்கும் அதே ₹99-தான் இருக்கும். இப்படி இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. குழுவை நடத்துபவர் பணம் வாங்கிக்கொண்டு வேறொருவரின் பொருளை ‘நானே வாங்கிப் பார்த்தேன், அருமை’ என்று போடுவதும் இதோடு சேர்ந்ததே. அவர் வாங்கிய பணத்தைச் சொல்லாமல் சிபாரிசு செய்தால், மாதக் கணக்கில் சேர்ந்த நம்பிக்கையை வாடகைக்கு விடுகிறார்.

‘வெறும் நாற்பத்தொன்பது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு டீ, இரண்டு வடை காசு; போனால் போகிறது என்பார்கள். தொகை சிறியது என்பதுதான் இந்த ஏமாற்றுக்குக் காவல். ₹49-க்காக யாரும் ஒரு நாள் கூலியை விட்டுப் புகார் கொடுக்கப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் அலைச்சலுக்குக் கட்டணம் உண்டு. விற்பவர் பக்கம் கணக்கைப் பாருங்கள். ஒரு குப்பைக் கோப்பை 2,000 பேர் வாங்கினால் ₹98,000. இழப்பு இரண்டாயிரம் துண்டுகளாகச் சிதறிப்போவதால் அது திருட்டு போலத் தெரிவதில்லை, ஆதாயம் மட்டும் ஓரிடத்தில் சேர்கிறது. இதில் கண்ணுக்குத் தெரியாமல் நட்டப்படும் இன்னொருவரும் இருக்கிறார். ஒழுங்காக ₹149-க்கு ஒரு தொகுப்பைச் செய்த ஆசிரியை, பக்கத்திலேயே ₹29-க்குக் குப்பை கிடைப்பதால் விலையை இறக்குகிறார். இறக்கிய விலையில் சரிபார்க்க நேரம் கட்டுப்படியாவதில்லை. அவர் சரக்கும் தரம் குறைகிறது. கடைசியில் எல்லாக் கோப்பும் ஒன்றுபோல ஆகிவிடும்.

இதைவிடக் கனமான மறுப்பு, சட்டம், விதி என்று பேச ஆரம்பித்தால் வீட்டிலிருந்து பிழைக்கும் சிறியவர்களின் கழுத்துதான் நெரிபடும் என்பது. இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. நான் லைசென்ஸ் கேட்கவில்லை, பதிவு கேட்கவில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் விற்பவர் சேவைகளுக்காக ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை என்ற சலுகை அப்படியே இருக்க வேண்டும். ஆனால் சட்டம் ஏற்கெனவே இங்கே வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன. தொழிலாக இல்லாமல், எப்போதாவது தன் சொந்த முறையில் விற்கும் தனி ஆளுக்கு மட்டும்தான் விலக்கு. வாரந்தோறும் தவறாமல் விற்பவர் அந்த விலக்கைக் கேட்க முடியாது. பில் கொடுக்காததும், குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திருப்ப மறுப்பதும் 2019 சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. ஒரு பில் என்றால் பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. வாங்கியவர் பெயர், பொருளின் பெயர், எந்தத் தேதியில் திருத்திய பதிப்பு, தொகை, விற்பவர் பெயர், பேசக்கூடிய எண், இவ்வளவையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் போட்டுவிடலாம். இதனால் பிழைப்புக் கெடும் என்றால், எந்தப் பிழைப்பு கெடும் என்று பார்க்க வேண்டும். தானே செய்த பொருளை விற்பவர் இதையெல்லாம் அரை நிமிடத்தில் எழுதிவிடுவார். எழுத முடியாமல் திணறுபவர், யாருடைய கோப்பு என்று தெரியாமல் விற்பவர்தான்.

பெண்களின் பாதுகாப்பு இதில் தனியாகப் பேச வேண்டிய விஷயம். முகவரியும் எண்ணும் குழுவில் எல்லாருக்கும் தெரியும்படி போடச் சொன்னால், இரவில் வரும் அழைப்புகளுக்கும் அசிங்கமான செய்திகளுக்கும் அவர்களை நாமே ஆளாக்கியதாகும். அப்படிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பணம் கொடுத்தவருக்கு மட்டும் பெயரும் ஒரு தொழில் எண்ணும் தெரிந்தால் போதும். யுபிஐ-யில் பணம் அனுப்பும்போது பெயர் எப்படியும் திரையில் வந்துவிடுகிறது. வாங்கும் பெண்களுக்கும் இதே கவனம் வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் எண் அத்தனை பேருக்கும் தெரிகிறது. ‘கம்யூனிட்டி’ அறிவிப்புப் பகுதியில் மற்ற உறுப்பினர்களுக்கு அது மறைந்திருக்கும். பெண்கள் அதிகம் சேரும் தையல், சமையல் குழுக்களை நடத்துவோர் இந்த வேறுபாட்டை அறிந்து குழு அமைக்க வேண்டும்.

கோப்பைத் திருப்பி வாங்கவே முடியாதே, பணத்தை எப்படித் திருப்புவது என்று விற்பவர்கள் கேட்கிறார்கள். இறக்கி வைத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்று காசைத் திரும்பக் கேட்பவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். அதற்காக எல்லாருக்கும் ‘நோ ரீஃபண்ட்’ என்று எழுதி ஒட்டுவது சரியல்ல. மூன்று பக்கங்களை மாதிரியாக முன்பே காட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது. எந்த வகுப்புவரை, எந்தப் பாடத்திட்டம், எந்த அளவு, எந்த மென்பொருளில் திறக்கும் என்பதைத் தெளிவாகச் சொன்னால் இன்னொரு பங்கு போய்விடும். பிளக்ஸ் டிசைன்களில் அடிக்கடி வரும் தகராறு, பிஎஸ்டி-யைத் திறந்தால் அதிலுள்ள தமிழ் ஃபாண்ட் தங்கள் கணினியில் இல்லாததால் எழுத்தெல்லாம் குலைந்து நிற்பது; ஃபாண்ட் பெயரை முன்பே சொல்லியிருந்தால் அது தீர்ந்தது. இதற்குப் பிறகும் ஏமாற்றி வாங்கும் ஒரு சிலரால் விற்பவருக்கு ஏற்படும் நட்டம் என்ன? திருப்பித் தந்த கோப்புக்காக அவர் மறுபடி அச்சடிக்கப் போவதில்லை, தூக்கி எறியவும் போவதில்லை. சட்டைக் கடைக்காரருக்கு உள்ள இழப்பு இவருக்கு இல்லை. அதனால் மற்றெந்த வியாபாரியையும்விடத் தாராளமாகப் பணத்தைத் திருப்ப முடிகிறவர் இவர்தான்.

வாங்குபவர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது என்று விற்பவர்கள் சொல்வது உண்மை. ஒருவர் ₹49 கொடுத்து வாங்கியதை அன்று மாலையே தோழிகள் குழுவில் ஃபார்வர்ட் செய்கிறார். ‘படிக்கிற பிள்ளைகளுக்கு உதவிதானே’ என்று நினைக்கிறார். அந்த நினைப்பில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும், எழுதியவர் இரண்டு மாத இரவுகளைச் செலவிட்ட உழைப்பு அங்கே இலவசமாகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் வாங்கியவர் பெயரையும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் மெல்லிய எழுத்தில் போட்டு அனுப்பும் வழக்கத்தைச் சிலர் கடைப்பிடிக்கிறார்கள். அது நல்லதே, ஓரளவு தயக்கத்தை உண்டாக்கும். ஆனால் பூட்டை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்க முடியாது. திருத்திய பதிப்பு வாங்கியவர்களுக்கு மட்டும் வரும், சந்தேகத்துக்குப் பதில் வாங்கியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் என்று வைத்தால், ஃபார்வர்ட் ஆன கோப்பு ஒரு மாதத்தில் பழையதாகிவிடும். காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

குழுவை நடத்துபவர்களிடம் கேட்க வேண்டியதெல்லாம் இன்றே செய்யக்கூடியவை. விற்பனை நடக்கும் குழுவில், வாங்கியவர்கள் மட்டும் குறை நிறை சொல்லும் ஒரு தனி இடத்தைத் திறந்து வைக்க வேண்டும். அங்கே வரும் குறையை அழிக்கக் கூடாது. வேறொருவர் பொருளை விற்க அனுமதிக்கும்போது அதைச் செய்தவர் யார் என்று கேட்க வேண்டும். மறுவிற்பனை பண்டில்களை உள்ளே விடவே கூடாது. காசு வாங்கிப் போடும் விளம்பரத்தில் ‘விளம்பரம்’ என்று எழுத வேண்டும். அரசு செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. தேர்வு அறிவிக்கையின் முதல் பக்கத்திலேயே பாடப்புத்தகங்களும் பழைய வினாத்தாள்களும் இலவசமாகக் கிடைக்கும் இணைப்புகளைத் தேர்வாணையம் போட்டுவிட்டால், அவற்றை அப்படியே மாற்றிக் கட்டி விற்பவர்களுக்கு வேலை இருக்காது. உண்மையிலேயே உழைத்துத் தொகுப்பவர்களுக்கு மட்டும் இடம் இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலும் பேசலாம், சிறு தொகைக்கும் புகார் பதியலாம் என்பது பரவலாகத் தெரிய வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு கோப்பே தராமல் காணாமல் போகிறவர்கள் மீது சைபர் குற்ற எண் 1930-க்குப் புகார் செய்யலாம். இந்த இரண்டு எண்களையும் குழுவின் மேலே பின் செய்து வைக்க எந்த அட்மினும் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.